கெல்ட்டர் தெருத் தேங்காய்

அத்தியாயம் 6

"பொய் சொல்றீங்க," என்றேன்.

டாக்சியின் பின்சீட்டில் இருந்த இராசலிங்கம் கையிலிருந்த தொப்பியைப் பிசைந்தார். ரொட்டித் தொழிற்சாலையில் காலை ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்தார். புருவத்தில் இன்னும் மாவு. அப்பா வயதுக்காரரிடம் இப்படிப் பேசக்கூடாது என்று எனக்குத் தெரியும். நேரமில்லை என்பதும் தெரியும்.

"சத்தியமாப் பிள்ளை. சுப்பர்மார்க்கெட்டில நான் தேங்காய் வாங்கேல்லை. நாங்கள் உதுகளைத் தொடுறதே இல்லை."

"அப்ப இது எப்படி வந்துச்சு?"

போட்டோவை அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். ஜெர்மனியில் நெக்கர்வைலர் நகரின் கெல்ட்டர் தெரு. மழைநீர் இறங்கும் இரும்புச் சல்லடையின் பக்கத்தில் உடைந்த தேங்காய். மேல் ஓரத்தில் சாய்ந்து கிடக்கும் சைக்கிளின் பின்சக்கரம்.

ஜூலையில் பிள்ளையார் கோயில் தேர். தேர் கோயிலுக்குத் திரும்பிய பிறகு, அதே தெருவில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் சைக்கிளோடு விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். எதில் மோதினார் என்று அவருக்கு நினைவில்லை. போட்டோவுக்கு நினைவிருந்தது. தேங்காயில் வழுக்கி விழுந்தார் என்று நகராட்சி போலீசுக்கு எழுதியது. ஊர்வல அனுமதியில் பொறுப்பாளர் என்று கையெழுத்துப் போட்டவர் இராசலிங்கம். தேருக்கு முன்னால் தேங்காய் அடித்தவரும் அவரே. கவனக்குறைவால் காயம் விளைவித்த வழக்கு அவர் தலையில் விழுந்தது.

வழக்கைக்கூட அவர் தாங்கிக்கொள்வார். பின்னாலேயே குடியுரிமை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது: வழக்கு முடியும்வரை உங்கள் விண்ணப்பம் நிறுத்திவைக்கப்படுகிறது. அகதியாக வந்து, பாதி ஆயுளை மாவு மூட்டைக்குக் கொடுத்து, மொழித் தேர்வில் ஒருமுறை தோற்று மறுமுறை ஜெயித்து, கடைசிப் படியில் கால் வைத்த மனிதர். அந்தப் படியை ஒரு தேங்காய் உருவிவிட்டது.

இன்று மாலை நகரசபையின் நிதிக்குழு கூடுகிறது. 'விபத்துக்குக் காரணம் ஊர்வல ஏற்பாட்டாளர்' என்று தீர்மானம் போட்டுக் கோப்பை மூடப் போகிறார்கள். மூடிவிட்டால் திறக்க வருடங்கள் ஆகும்.

"உடைஞ்ச ஓரத்தைப் பாருங்கண்ணா," என்றேன். "சிதறுகாய் இப்படியா உடையும்? ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி இருக்கு."

ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்த மிதுஷன் திரும்பினான். டாக்சி அவனுடையது. என்னைவிட ஆறு வயது பெரியவன். இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. நான் துப்பறிவேன், அவன் ஓட்டுவான் என்பது ஒப்பந்தம். வாயை மூடிக்கொண்டு ஓட்டுவான் என்று எழுதிக்கொள்ள மறந்துவிட்டேன்.

"உது மெஷினால கீறினது, பொஸ். சுப்பர்மார்க்கெட்டுக்கு அனுப்பேக்க சுத்திவர வாள் ஓட்டி விடுவாங்கள். வெள்ளைக்காரனுக்கு உடைக்க ஏலாதெல்லோ. கரையில ஒரு தட்டுத் தட்டினாக் கேக் மாதிரி ரண்டாப் போகும்."

"கேட்டீங்களா?" என்றேன். "திருவிழாவுக்கு முதல் நாள் ஒரு தமிழர் ஒரு பெட்டி தேங்காயை அள்ளிட்டுப் போனார்னு கேஷியர் போலீஸ்ல சொல்லியிருக்கா. மாவு பூசின புருவம்னு அடையாளமும் சொல்லியிருக்கா."

இராசலிங்கம் கையால் புருவத்தைத் துடைத்தார். துடைத்த கையைப் பார்த்தார். உடைந்தார்.

"தமிழ்க் கடையில வந்த சாக்கு முழுக்க அழுகல், பிள்ளை. விடிஞ்சாத் தேர். நான் ஓடிப்போய் உதுகளை வாங்கியந்தன். ஐயர் கையில எடுத்து ஒரு சுத்துச் சுத்திப் பாத்தார். 'வெட்டுப்பட்ட காய், சாமிக்கு ஆகாது' எண்டு தள்ளி வைச்சிட்டார். பிறகு ஸ்டுட்கார்ட்டில இருந்து விடியக்காலமை நல்ல காய் வந்திது. அதைத்தான் நான் அடிச்சனான்."

"கீறின காய்?"

"குசினிக்குக் குடுத்தாச்சு. அன்னதானத்துக்குச் சம்பல் அரைக்க."

"எல்லாமா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். மிதுஷன் தாளத்தை நிறுத்தினான்.

"அண்ணை, எங்களிட்ட மறைச்சு என்ன பிரயோசனம்? ரண்டு வரியில சொல்லுங்கோ. மீட்டர் ஓடேல்லை."

"ரண்டைத் தவிர," என்றார் இராசலிங்கம். "தேர் இருப்பிடத்துக்கு வந்தாப்பிறகு கௌரவ விருந்தினருக்குத் தட்டுக் குடுக்கிறது. பூமாலை, வாழைப்பழம், தேங்காய். நல்ல காய் முடிஞ்சு போச்சு. உதில ரண்டை எடுத்துக் கோட்டு மேல மஞ்சளைத் தடவி வைச்சன். வெள்ளைக்காரருக்குத்தானே, தெரியவே போகுதெண்டு..." தொப்பியை மறுபடி பிசைந்தார். "சாமி வேண்டாமெண்டதை விருந்தாளிக்குக் குடுத்தவன் எண்டு தெரிஞ்சாச் சனம் என்னைக் கோயில் வாசல் மிதிக்க விடாது, பிள்ளை."

எனக்குக் கோபம் வந்தது. வழக்கில் மாட்டி, குடியுரிமை கைநழுவும் நிலையிலும் இந்த மனிதர் மறைக்க நினைத்தது இதைத்தான்!

"அந்த ரெண்டு பேர் யாரு?"

"நகராட்சிச் சட்டப் பகுதி ப்ராண்ட்னர். அவரோட வந்த ஒரு மனுசி. கோட்டுப் போட்டது. நல்லாச் சிரிச்சுக் கதைச்சது. பாயசம் ரண்டாந்தரமும் கேட்டு வாங்கினது."

பாயசம் குடித்தவளை நான் அந்த இடத்திலேயே மறந்தேன். காதில் விழுந்தது ஒரே பெயர். போலீசுக்குப் போன புகாரில் கையெழுத்துப் போட்ட டாக்டர் ப்ராண்ட்னர்.

"மிதுஷன், கெல்ட்டர் தெரு."

"வெளிக்கிட்டாச்சு, பொஸ்."

*

போகும் வழியில் மிதுஷன் கேட்டான்.

"எனக்கு ஒண்டு விளங்கேல்லை. ஊருக்கு இன்சூரன்ஸ் இருக்குத்தானே? ஆரும் றோட்டில விழுந்தாக் கம்பெனி குடுக்கும். உந்தச் சட்டப் பகுதி ஆளுக்கு எங்க நோகுது?"

"எங்க நோகும்னா, அவர் தேர்ந்தெடுத்த இன்சூரன்ஸ்ல நோகும்."

இந்த நாட்டில் ஒரு நகரம் தனக்குப் பொறுப்புக் காப்பீடு எடுக்க இரண்டு வழி இருக்கிறது. பல ஊர்கள் கூட்டாக நடத்தும் இழப்பீட்டுச் சங்கத்தில் சேரலாம். எல்லா ஊரும் பங்கு போடும், எந்த ஊரில் யார் விழுந்தாலும் சங்கம் கொடுக்கும். அல்லது தனியார் கம்பெனியிடம் போகலாம். அங்கே விலை குறைவு. ஏன் குறைவு என்பது கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். நெக்கர்வைலர் பல வருடம் சங்கத்தில் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ப்ராண்ட்னர் எழுந்து, மலிவாக ஒன்று இருக்கிறது என்றார். சபை கைதட்டி மாறியது. அதைத் தொடர்வதா என்று முடிவெடுப்பதும் இன்றைய கூட்டத்தில்தான். கவுன்சில் காகிதங்கள் நகராட்சியின் இணையதளத்திலேயே கிடக்கின்றன. யாரும் படிப்பதில்லை என்ற தைரியம்.

நான் படித்தேன். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். காப்பீட்டுக் கணக்கு படித்து, ஸ்டுட்கார்ட்டில் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். காயம்பட்டவர்களுக்கு 'இல்லை' என்று மரியாதையாக எழுதுவதுதான் வேலை. என் தட்டச்சை எல்லோரும் பாராட்டினார்கள். ஒருநாள் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். படித்தவர்கள் நியாயமாக நடப்பார்கள் என்று கரூரில் லோடு ஏற்றும் என் அப்பா இன்னமும் நம்புகிறார். அவரிடம் போனில் நான் இதைப்பற்றிப் பேசுவதில்லை.

"அந்தப் பொடி எழுத்தில் என்ன இருக்குன்னா," என்றேன், "பள்ளம் இருக்குன்னு நகராட்சிக்கு முன்னாடியே தெரிஞ்சு, ரிப்பேர் பண்ணாம விட்டு, அதுல ஒருத்தர் விழுந்தா கம்பெனி கொடுக்காது. நகராட்சியே கொடுக்கணும்."

"ஆனாத் தேங்காயில வழுக்கினா?"

"ஊர்வலத்துக்குக் கையெழுத்துப் போட்டவர் தலையில போகும். கம்பெனிக்கும் நட்டமில்ல, நகராட்சிக்கும் நட்டமில்ல."

"அடப்பாவிகளா! பிள்ளையாருக்கு அடிச்ச தேங்காயில இவங்கள் குளிர்காயிறாங்கள்."



கெல்ட்டர் தெருவில் அந்தச் சல்லடையைச் சுற்றிப் புத்தம்புதுத் தார். டீச்சரை விழவைத்தது பள்ளம்தான் என்பது என் ஊகம்; பள்ளம் இருந்ததற்கு அடையாளமே இல்லை. சுத்தமான வேலை. தப்பை மறைப்பதில் மட்டும் இவர்கள் வேகம் அபாரம்.

"பிந்திட்டம், பொஸ். ஆதாரத்துக்குச் சமாதி கட்டியாச்சு."

நான் போட்டோவையும் தரையையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். படத்தில் தேங்காய் ஓட்டுக்கு அடியிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஒரு தீற்றல் எட்டிப் பார்த்தது. போலீஸ் குறிப்பில் அதற்கு 'வழிபாட்டுக்குரிய நிறப்பொடி' என்று பெயர். குங்குமம் என்று நாங்களும் விட்டுவிட்டோம். இப்போது நடைபாதைக் கல்லின் விளிம்பில் அதே ஆரஞ்சு, நகக்கண் அளவு வளைவாக மிஞ்சியிருந்தது.

மிதுஷன் குந்தி உட்கார்ந்து கார்ச்சாவியால் சுரண்டினான். போகவில்லை.

"குங்குமம் எண்டா ஒரு மழையில கரைஞ்சு போயிடும். இஞ்ச ஜூலையில இருந்து எத்தினை மழை! உது பெயின்ட்."

இராசலிங்கம் கையை நீட்டினார். தெருவின் அந்தக் கோடியில், திருத்தப்படாத இன்னொரு பள்ளம். அதைச் சுற்றி முழு வட்டம். அதே ஆரஞ்சு. ஸ்ப்ரே டப்பாவால் அடித்தது.

"உதுகளைத் திருத்த வேணுமெண்டு நகராட்சி ஆக்கள் வட்டம் போட்டுட்டுப் போறவை," என்றார். "தேருக்குக் கனநாளைக்கு முன்னமே போட்டுட்டினம். தேர்ச் சில்லு இறங்கிடுமெண்டு நான் அதைப் பாத்துப் பாத்துத்தான் வடம் திருப்பச் சொன்னனான்."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வட்டம் போட்டிருந்தால் பள்ளம் நகராட்சிக்குத் தெரியும். தெரிந்தால் கம்பெனி கொடுக்காது. அந்த வட்டத்தின் மேல்தான் தேங்காய் உட்கார்ந்திருந்தது. வழுக்க வைக்கப் போட்ட தேங்காய் இல்லை அது. மூடி வைக்கப் போட்டது.

"ப்ராண்ட்னர்," என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

*

டாக்டர் ப்ராண்ட்னரின் அறை நகராட்சிக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில். உயரமான மனிதர், இறுக்கிய டை, அதைவிட இறுக்கிய வாய். நாங்கள் நுழைந்தபோது எழுந்திருக்கவில்லை. யாமினி என்று என் பெயரைச் சொன்னேன்.

"சந்திப்புக்கு நேரம் வாங்கினீர்களா?" என்றார் ஜெர்மனில்.

"நீங்கள் கெல்ட்டர் தெருவில் தேங்காய் வைக்க நேரம் வாங்கினீர்களா?" என்றேன் நானும் ஜெர்மனில்.

"உங்களுக்கு இங்கே எந்த அதிகாரமும் இல்லை."

"சரி. அதிகாரம் இல்லாமல் சொல்கிறேன், கேளுங்கள்."

சொன்னேன். கீறின தேங்காய், ஆரஞ்சு வட்டம், பொடி எழுத்து, மூன்றையும் மேஜைமேல் போட்டேன். "கீறின காய் முழுசாகக் கோயிலைவிட்டு வெளியே போனது இரண்டு கைகளில். ஒரு கை உங்களுடையது. புகாரில் இருக்கும் கையெழுத்தும் உங்களுடையது. நீங்கள் வாங்கிய காப்பீடு வாய் பிளந்து நிற்பது சபைக்குத் தெரியக்கூடாது. அதனால் ரொட்டிக் கம்பெனித் தொழிலாளி ஒருவரின் வாழ்க்கையை எடுத்து அந்தப் பள்ளத்தில் போட்டு மூடினீர்கள்."

அவர் முகம் சிவக்கும் என்று எதிர்பார்த்தேன். சிவந்தது. ஆனால் பயத்தில் இல்லை.

"முடிந்ததா?" எழுந்தார். ஜன்னலோரம் போனார். அங்கிருந்த பெரிய பூந்தொட்டியை இரண்டு கையாலும் தூக்கிவந்து என் முன்னால் டொக்கென்று வைத்தார். மண்ணில் பாதி புதைந்திருந்தது முழுத் தேங்காய். சுற்றிவரக் கோடு. கோட்டின்மேல் பழுத்துப்போன மஞ்சள்.

மிதுஷன் என் காதருகே குனிந்தான். "பொஸ், அந்தாள் நட்டு வைச்சிருக்கிறார்."

"என் பேத்திக்காக," என்றார் ப்ராண்ட்னர் விறைப்பாக. "தென்னை வளர்ப்பதாக வாக்குக் கொடுத்தேன். தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன். ஏன் இன்னும் முளைக்கவில்லை என்பதுதான் எனக்குப் புரியவில்லை."

"முளைக்காது, ஐயா," என்றான் மிதுஷன் அழகான ஸ்வாபிய வட்டார ஜெர்மனில். "மட்டை உரித்து, வாளால் கீறிய காய். இத்தனை நாளும் பிணத்துக்குத் தண்ணீர் வார்த்திருக்கிறீர்கள்."

ப்ராண்ட்னர் தொட்டியைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். நான் கட்டிய கேஸ் மொத்தமும் அந்த மண்ணில் புதைந்து கிடந்தது. எனக்குக் காது சூடேறியது. அறைக்குள் கத்திக்கொண்டே நுழைந்தவள் நான்தானே.

அப்போது பின்னால் நின்ற இராசலிங்கம் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அப்ப மற்றது, பிள்ளை."

பாயசம்!

"உங்களோடு வந்த பெண் யார்?" என்றேன்.

"ஃபிரௌ கெஸ்லர். நகரத்தின் சுயேச்சையான காப்பீட்டு ஆலோசகர்."

"சுயேச்சையா? அவருக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள்?"

"அவருடைய சேவை நகரத்துக்கு இலவசம்."

"இலவசமாக ஒருத்தர் உங்களுக்கு இன்சூரன்ஸ் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறார். நீங்கள் ஏன் என்று கேட்கவே இல்லையா? நீங்கள் கட்டும் காப்பீட்டுத் தொகையிலிருந்து அவருக்குக் கம்பெனி கமிஷன் கொடுக்கிறது, ஐயா. நீங்கள் சங்கத்துக்குத் திரும்பிப் போனால் அவருக்கு ஒன்றும் கிடையாது. உங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்கப் போய், பெண் வீட்டாரிடமே தரகுக் காசு வாங்குகிறவரை நம்பியிருக்கிறீர்கள்!"

 சட்டத்தில் டாக்டர் பட்டம் வாங்கிய மனிதர். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு யார் சோறு போடுகிறார்கள் என்று கேட்க அந்தப் பட்டத்தில் கற்றுக்கொடுக்கவில்லை போலிருக்கிறது.

"போட்டோ யாரிடமிருந்து வந்தது?"

"வழிப்போக்கர் ஒருவர் ஃபிரௌ கெஸ்லரின் போனுக்கு அனுப்பியதாக..."

"ஆரஞ்சு வட்டம் யார் போட்டது?"

ப்ராண்ட்னர் டையின் முடிச்சைத் தளர்த்தினார். பிறகு மெதுவாகச் சொன்னார். "இந்த வசந்தத்தில் காப்பீட்டைப் புதுப்பிப்பதற்காக அபாயங்களைப் பார்வையிட்டோம். சாலைத் துறை ஆளோடு அவரும் நடந்தார். ஸ்ப்ரே டப்பாவை வாங்கி அவரே அடித்தார். விளையாட்டாக."

அவளுக்குத்தான் அந்த வட்டத்தின் அர்த்தம் தெரியும். அவள் கையில்தான் சுத்தியலே தேவைப்படாத தேங்காய் இருந்தது. எல்லோரும் டீச்சரைச் சூழ்ந்து நின்றபோது, கல் விளிம்பில் ஒரு தட்டு. கேக் மாதிரி இரண்டாகியிருக்கும்.

"புகாரில் உங்கள் கையெழுத்து இருக்கிறது," என்றேன். "இனி நீங்கள் ஏமாற்றியவரா, ஏமாந்தவரா என்று நீங்களே தேர்ந்தெடுங்கள். கூட்டத்துக்கு இன்னும் நேரமிருக்கிறது."

"வெளியே போங்கள்," என்றார் ப்ராண்ட்னர்.

மிதுஷன் தொட்டியைத் தூக்கிக்கொண்டான். அவர் தடுக்கவில்லை.

*

நிதிக்குழுக் கூட்டத்தின் தொடக்கத்தில் பொதுமக்கள் கேள்வி கேட்கலாம். ஆனால் இந்த ஊரில் குடியிருப்பவர்கள் மட்டும்தான். எனக்கு ஸ்டுட்கார்ட், மிதுஷனுக்கும் ஸ்டுட்கார்ட். மிஞ்சியது ஒரே ஆள்.

"ஏலாது, பிள்ளை." இராசலிங்கம் பின்னால் கண்ணைக் காட்டினார். பார்வையாளர் பெஞ்சில் கோயில் சபைத் தலைவர் சிவகுருநாதன் இன்னும் நான்கைந்து பேரோடு உட்கார்ந்திருந்தார். "இவைக்கு முன்னால அதை எப்பிடிச் சொல்லுறது? கோயில் மானம் போகும்."

"போனா என்னண்ணா? உங்க நாட்டுரிமையைவிட ரெண்டு தேங்காய் பெருசா?" என் குரல் உயர்ந்துவிட்டது. கீழே இறக்கினேன். "நான் கேட்க முடிஞ்சா கேட்டிருப்பேன். என்னை விடமாட்டாங்க. உங்களைத்தான் விடுவாங்க."

குழுத் தலைவி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "கேள்விகள் உண்டா? இல்லையென்றால்..."

இராசலிங்கம் எழுந்தார்.

அவருடைய ஜெர்மன் நிதானமானது. வினைச்சொல்லை வாக்கியத்தின் கடைசியில் வைப்பதற்காக ஒவ்வொரு முறையும் ஒரு கணம் காத்திருப்பார்.

"ஃபிரௌ கெஸ்லரிடம் ஒரு கேள்வி. கோயிலில் நாங்கள் கொடுத்த தேங்காயை என்ன செய்தீர்கள்?"

குழுவில் சிலர் சிரித்தார்கள். ப்ராண்ட்னரின் பக்கத்தில், நல்ல கோட்டில் உட்கார்ந்திருந்த கெஸ்லரும் சிரித்தாள்.

"சாப்பிட்டோம். மிகவும் சுவை. மீண்டும் நன்றி."

"எப்படி உடைத்தீர்கள்?"

"ஐயோ, அது பெரும்பாடு. என் கணவர் பட்டறையில் வைத்துச் சுத்தியலால் அடித்து, கடைசியில் ஒருவழியாக."

இராசலிங்கம் சிவகுருநாதன் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு தலைவியைப் பார்த்தே பேசினார்.

"அந்தக் காய்க்குச் சுத்தியல் வேண்டாம். சுற்றிவரக் கோடு கீறியிருக்கும். விரலால் தட்டினாலும் திறக்கும். எனக்குத் தெரியும், நான்தான் வாங்கினேன். சாமிக்கு ஆகாது என்று எங்கள் ஐயர் ஒதுக்கிய காய். அதை விருந்தினருக்குக் கொடுத்தேன். அது என் தவறு. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் அப்படிப்பட்ட காய் எதையும் நான் தெருவில் உடைக்கவில்லை. முழுசாக வெளியே போனது இரண்டே இரண்டு."

பெஞ்சில் சலசலப்பு. "என்ன வேலை பாத்திருக்கிறாய், ராசலிங்கம்!" என்று சிவகுருநாதன் முணுமுணுத்தது எல்லோருக்கும் கேட்டது.

மிதுஷன் பூந்தொட்டியைத் தலைவியின் முன்னால் வைத்தான். பக்கத்தில் போட்டோ. அவள் படத்தின் நேர்க்கோட்டு விளிம்பைப் பார்த்தாள், தொட்டியில் இருந்த கோட்டைப் பார்த்தாள், மறுபடி படத்தை எடுத்துக் கண்ணருகே கொண்டுபோனாள்.

"இந்த ஊரில் யார் வேண்டுமானாலும் தேங்காய் வாங்கலாம்," என்றாள் கெஸ்லர். சிரிப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. "இது விசாரணை மன்றமா?"

"இல்லை," என்றது ஒரு குரல். ப்ராண்ட்னர் எழுந்திருந்தார். அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. "வழிப்போக்கர் உங்கள் போனுக்கு அனுப்பிய செய்தி, ஃபிரௌ கெஸ்லர். அதைத் தலைவிக்குக் காட்டுங்கள். அந்தப் படத்தை நம்பிப் புகாரில் கையெழுத்துப் போட்டவன் நான்."

அவள் கைப்பையைத் திறந்தாள். போனை எடுப்பாள் என்று எல்லோரும் பார்த்தோம். லிப்ஸ்டிக் டப்பாவைத் தள்ளி, கார்ச்சாவியை எடுத்து, பையை மூடினாள்.

"என் வக்கீல் இல்லாமல் நான் எதுவும் பேசமாட்டேன்."

கதவு அவள் பின்னால் தானாக மூடிக்கொண்டது.

மிதுஷன் என்னிடம் தமிழில் சொன்னான்: "தேங்காய்க்கு நன்றி சொன்னவா, போயிட்டு வாறன் எண்டு ஒரு வார்த்தை சொல்லேல்லைப் பாருங்கோ."

அடுத்து ப்ராண்ட்னர் சொன்னது சுருக்கமானது. பள்ளம் நகரத்துக்கு முன்பே தெரியும். விபத்துக்கு ஊர்வலம் காரணமல்ல. ஊர்வலப் பொறுப்பாளர்மீது கொடுத்த புகாரைத் திரும்பப் பெற்று அரசு வக்கீலுக்கு எழுதுவேன். டீச்சருக்கு நகரமே ஈடு கொடுக்கும். காப்பீட்டுக் கம்பெனி கொடுக்காது. கடைசி வாக்கியத்தில் அவர் குரல் விழுந்தது. அவர் தேர்ந்தெடுத்த காப்பீடு அது.

இராசலிங்கம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். சிவகுருநாதன் அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். திட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன். திட்டினார்தான். ஆனால் கையை அவர் முதுகில் வைத்துக்கொண்டு திட்டினார்.

*

காப்பீட்டுக்கான வாக்கெடுப்பு மூடிய கதவுக்குள். எங்களை நடைவழிக்கு அனுப்பிவிட்டார்கள்.

"சங்கத்துக்குத் திரும்பிடுவாங்க," என்றேன். "இவ்வளவு தெரிஞ்சப்புறம் வேற என்ன செய்ய முடியும்?"

"பொஸ், நீங்கள் படிச்ச பிள்ளை. நான் வாயைத் திறக்கேல்லை."

கதவு திறந்தபோது ப்ராண்ட்னர்தான் முதலில் வந்தார். முகத்தைப் பார்த்தே தெரிந்தது.

"பழைய கம்பெனியே தொடரும்," என்றார். "விலை அதுதான் குறைவு. ஒரு நிபந்தனை சேர்த்திருக்கிறார்கள். இனித் தெருவில் ஊர்வலம் நடத்தும் அமைப்புகள் சொந்தமாகக் காப்பீடு எடுத்து வர வேண்டும்."

நான் அவர் வழியை மறித்தேன். "தேங்காய் வைத்தது நீங்கள் கூட்டிவந்த ஆலோசகர்! பள்ளம் உங்களுடையது! அபராதம் கோயிலுக்கா?"

"அபராதம் அல்ல. நிபந்தனை."

"வித்தியாசம் என்ன?"

"ஃபிரௌ யாமினி," என்றார் களைப்பாக, "நான் சங்கத்துக்குத் திரும்பச் சொல்லித்தான் பேசினேன். தோற்றேன். இது பெரும்பான்மை முடிவு. பிடிக்கவில்லை என்றால் வாக்குச்சீட்டில் சொல்லலாம்." கடைசிச் சொல்லை, பழக்கதோஷத்தில், இராசலிங்கத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அந்த மனிதருக்கு வாக்கு இல்லை என்பது அவருக்கு உறைத்தது. காது மடல்கள் சிவந்தன.

நான் பதிலுக்கு வாயெடுத்தேன். இராசலிங்கம் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். இத்தனை நாளில் முதல்முறை.

"சொல்லுவேன்," என்றார் ஜெர்மனில். ஒரு கணம் காத்திருந்து வினைச்சொல்லைத் தேடிப் பிடித்தார். "அடுத்த தேர்தலில் சொல்லுவேன். அரசு வக்கீலுக்கான கடிதத்தை நீங்கள் இப்போது எழுதினால்."

ப்ராண்ட்னர் தலையசைத்தார். நடைவழிக் கோடியில் இருந்த தன் அறைக்குள் போய் விளக்கைப் போட்டார்.

"நாங்கள் போவமே, அண்ணை?" என்றான் மிதுஷன்.

"நில்லு."

கதவுக்கு எதிரே இருந்த மர பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். உள்ளே கடிதத்தை அச்சிடும் பிரிண்டர் ஓடத் தொடங்கும்வரை இராசலிங்கம் அந்தக் கதவைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.